பயணிகள் காத்த கோயில்: புத்த கயையின் மகாபோதி ஆலயமும் அதன் சுற்றுப்புறமும்

பீகார் மாநிலத்தின் தென்பகுதியில், கயை நகரத்துக்குத் தெற்கே சிறிது தொலைவில், நிரஞ்சனை ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ள புத்த கயை, பௌத்தர்கள் தலையாயவை எனப் போற்றும் நான்கு தலங்களுள் ஒன்றாகும். லும்பினி புத்தர் பிறந்த இடமாகவும், சாரநாத் அவர் முதல் அறவுரை நிகழ்த்திய இடமாகவும், குசிநகரம் அவர் பரிநிர்வாணம் அடைந்த இடமாகவும் மதிக்கப்பட, புத்த கயை அவர் போதி எனப்படும் முழு ஞானத்தை எய்திய இடமாக மதிக்கப்படுகிறது. இங்குள்ள மகாபோதி ஆலயத்தின் வரலாற்றைக் கல்வெட்டுகள், பயணக் குறிப்புகள், அகழாய்வுகள் ஆகியவற்றின் துணையோடு தொகுத்து நோக்கினால், இதனை எந்த ஓர் அரச மரபும் இடையறாது காத்து வந்ததில்லை என்பதும், வழிபட வந்த வெளியூராரும் வெளிநாட்டாரும் தலைமுறைதோறும் இதனைக் கட்டியும் பழுதுபார்த்தும் தாங்கி வந்துள்ளனர் என்பதும் தெளிவாகும். வழிபாட்டுப் பயணமே ஒரு கோயிலின் வாழ்வுக்கு ஆதாரமாக அமைந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று இந்தியாவில் அரிது.

உருவேலையும் அரச மரமும்

புத்தர் காலத்தில் இவ்வூர் உருவேலை என்று அழைக்கப்பட்டது. மகத நாட்டின் தலைநகரான ராஜகிருகத்திலிருந்து வந்த சித்தார்த்தர், ஆறும் தோப்பும் அருகே பிச்சை ஏற்பதற்கான சிற்றூர்களும் கொண்ட இந்நிலப்பகுதியைத் தவத்துக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுத்தார் என்று பாலி மொழி நூல்கள் கூறுகின்றன. ஆறு ஆண்டுகள் உடலை வாட்டிய பின், கடுந்தவத்தால் ஞானம் கிட்டாது என்று உணர்ந்து, சுஜாதை என்னும் பெண் அளித்த பாற்சோற்றை உண்டு, ஆற்றைக் கடந்து வந்து, புல் அறுப்பவன் ஒருவன் கொடுத்த புல்லைப் பரப்பி, ஓர் அரச மரத்தின் அடியில் கிழக்கு நோக்கி அமர்ந்தார் என்பது மரபு. அந்த மரம் போதி மரம் என்றும், அவர் அமர்ந்த இடம் வச்சிராசனம், அதாவது வைரம்போல் அசைக்க முடியாத இருக்கை என்றும் பெயர் பெற்றன. பிற்காலத்தில் எழுந்த கட்டுமானங்கள் அனைத்தும் இவ்விரண்டையும் மையமாகக் கொண்டே அமைந்தன.

இத்தலத்துக்கு வந்த பயணிகளுள் காலம் உறுதியாகத் தெரிந்த முதல்வர் பேரரசர் அசோகர் ஆவார். முடிசூடிய பத்து ஆண்டுகளுக்குப் பின் தாம் சம்போதிக்குச் சென்றதாக அவரது எட்டாம் பாறைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. முன்னிருந்த மன்னர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் மேற்கொண்ட உலாக்களுக்கு மாற்றாகத் துறவியரைக் காணுதல், முதியோர்க்குப் பொருள் வழங்குதல், மக்களோடு அறம் பற்றி உரையாடுதல் ஆகியவற்றைக் கொண்ட அறப் பயணத்தை அவர் இவ்வாறு தொடங்கி வைத்தார். கோயிலுக்குப் பின்புறம் போதி மரத்தின் அடியில் இன்றும் காணப்படும் மணற்கல் பலகை, மெருகும் விளிம்பில் செதுக்கப்பட்ட அன்னங்களும் இலைக்கொத்துகளும் காட்டுவதுபோல், மௌரியர் காலத்தது என்று அறிஞர்கள் கொள்கின்றனர். அசோகரின் மகள் சங்கமித்திரை இம்மரத்தின் கிளை ஒன்றை இலங்கைக்குக் கொண்டு சென்று அனுராதபுரத்தில் நடச் செய்தார் என்று மகாவம்சம் கூறுவதால், புத்த கயைக்கும் இலங்கைக்கும் இடையிலான உறவு தொடக்கத்திலிருந்தே நிலவியதாகப் பௌத்த மரபு கருதுகிறது.

கல்வேலியும் செங்கற்கோயிலும்

அசோகர் காலத்தில் இங்கு உயர்ந்த கோபுரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பார்ஹுத் தூபியில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட ஒரு சிற்பத்தில், தூண்கள் தாங்கிய திறந்த மண்டபம் ஒன்று மரத்தையும் இருக்கையையும் சூழ்ந்து நிற்பதும், அதன் மேற்பகுதி வழியாக மரக்கிளைகள் வெளியே விரிவதும் காட்டப்பட்டுள்ளன. அது சாக்கியமுனியின் போதி என்று பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. புத்தரை மனித உருவில் வடிக்கும் வழக்கம் தோன்றாத அக்காலத்தில், வெற்றிருக்கையும் மரமுமே வழிபடப்பட்டன.

மரத்தைச் சுற்றி அமைந்த கல்வேலி, புத்த கயையில் எஞ்சியுள்ள சிற்பங்களுள் மிகப் பழமையானவற்றைக் கொண்டது. வேதிகை எனப்படும் இவ்வேலி, செங்குத்தான தூண்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களையும் மேலே முகட்டுக் கற்களையும் கொண்டது. இதில் இரு வகைக் கற்கள் கலந்துள்ளன. மணற்கல்லால் ஆனவை கிறித்துவுக்கு முந்தைய காலத்தவை, கரடுமுரடான கருங்கல்லால் ஆனவை வேலியை விரிவாக்கியபோது குப்தர் காலத்தில் சேர்க்கப்பட்டவை. யானைகள் நீராட்டும் திருமகள், நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் வரும் சூரியன், பொற்காசுகளைப் பரப்பி ஜேதவனம் விலைக்கு வாங்கப்படும் காட்சி ஆகியவை தூண்களில் செதுக்கப்பட்டுள்ளன. கொடை வழங்கியோர் பெயர்கள் சில கற்களில் பொறிக்கப்பட்டுள்ளமை வரலாற்று நோக்கில் இன்னும் மதிப்புடையது. அரசன் இந்திராக்னிமித்திரனின் மனைவி குரங்கி, அரசன் பிரம்மமித்திரனின் மனைவி நாகதேவி ஆகிய இரு பெண்களின் பெயர்கள் அவற்றுள் முக்கியமானவை. ஆக, இவ்விடத்தில் அறியப்படும் தொடக்கக் காலக் கட்டுமானக் கொடையாளர்களுள் பெண்கள் முன்னிலை வகித்தனர் என்று கூறலாம். இவ்வேலியின் மூலக் கற்கள் பல இப்போது புத்த கயையிலும் கொல்கத்தாவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. கோயிலைச் சுற்றி நிற்பவற்றில் கணிசமானவை அவற்றின் படிகள் ஆகும்.

இன்று காணப்படும் செங்கற்கோயிலின் அடிப்படை அமைப்பு கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. 50 மீட்டருக்கும் கூடுதலான உயரம் கொண்ட இதன் கோபுரம், வளைவின்றி நேர்க்கோடாகச் சரிந்து குறுகி மேலே செல்வது. வட இந்தியக் கோயில்களின் வளைந்த சிகரத்திலிருந்தும் தென்னிந்திய விமானத்தின் அடுக்குத் தோற்றத்திலிருந்தும் இது வேறுபடுகிறது. பக்கங்களில் வரிசை வரிசையாகக் கோட்டங்கள் எனப்படும் மாடக்குழிகளும், உச்சியில் நெல்லிக்கனி வடிவமான ஆமலகமும் அமைந்துள்ளன. பெரிய கோபுரத்தின் நான்கு மூலைகளிலும் அதே வடிவில் சிறு கோபுரங்கள் நிற்கின்றன. கருவறையில் வலக்கையால் நிலத்தைத் தொட்டு அமர்ந்திருக்கும் புத்தர் சிலை, பால அரசர்கள் காலத்தில் கருங்கல்லில் வடிக்கப்பட்டு இப்போது பொன் பூசப்பட்டுள்ளது. தாம் ஞானம் பெறுவதற்குத் தகுதியுடையவர் என்பதற்கு நிலமகளையே சாட்சியாக அழைத்த தருணத்தைக் குறிக்கும் இத்திருக்கோலம் பூமிஸ்பரிச முத்திரை எனப்படும். கிழக்கிந்தியாவில் முழுவதும் செங்கல்லால் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் கோயில்களுள் காலத்தால் முந்தியவற்றில் இதுவும் ஒன்று.

கடலும் மலையும் கடந்து வந்தவர்கள்

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து வந்த இரு பிக்குகளுக்கு இங்குத் தங்க இடம் கிடைக்கவில்லை என்றும், அச்செய்தியை அறிந்த இலங்கை அரசர் மேகவர்ணர், குப்தப் பேரரசர் சமுத்திரகுப்தருக்குப் பரிசுகளோடு தூது அனுப்பி, போதி மரத்துக்கு வடக்கே ஒரு மடாலயம் கட்ட இசைவு பெற்றார் என்றும் சீன நூல்கள் தெரிவிக்கின்றன. பயணிகளின் தங்குமிடத் தேவையிலிருந்து எழுந்த அம்மடாலயம் பல நூற்றாண்டுகள் நிலைத்து நின்றது. கி.பி. 588–589க்கு இணையான குப்த ஆண்டு 269இல் பொறிக்கப்பட்ட ஒரு கல்வெட்டு, மகாநாமன் என்னும் இலங்கைப் பிக்கு போதி மண்டலத்தில் புத்தருக்கு ஒரு கோயில் எடுத்ததைக் குறிக்கிறது.

சீனத் துறவிகளுள் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாகியான் இங்கு மூன்று மடாலயங்களைக் கண்டார். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த யுவான் சுவாங் விட்டுச் சென்ற வருணனையோ, பிற்காலத்தில் கோயிலைப் புதுப்பித்தவர்களுக்கே வழிகாட்டியாக அமையும் அளவுக்கு விரிவானது. 160 அடிக்கு மேல் உயர்ந்த கோபுரம், மாடக்குழிகளில் பொன்னுருவங்கள், உச்சியில் பொன் முலாம் பூசிய செம்பு ஆமலகம், ஏறத்தாழ ஆயிரம் பிக்குகள் வாழ்ந்த இலங்கை மடாலயம் ஆகியவற்றை அவர் பதிவு செய்துள்ளார். கௌட நாட்டு அரசன் சசாங்கன் போதி மரத்தை வெட்டியதையும், மகத அரசன் பூர்ணவர்மன் ஆயிரம் பசுக்களின் பாலை ஊற்றி அதனை மீண்டும் தளிர்க்கச் செய்து மதில் எழுப்பியதையும் அவர் கேட்டு எழுதியுள்ளார். மழைக்காலத் தங்கலை முடித்த துறவியர் நாற்றிசைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கூடி, ஏழு நாள் இரவும் பகலும் மலர் தூவி இசை முழங்க வழிபட்டனர் என்ற அவரது செய்தி, அக்காலத்திலேயே இது பெருந்திரள் கூடும் தலமாக விளங்கியதைக் காட்டுகிறது.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்ரீவிஜயத்தின் வழியாகக் கடற்பயணம் செய்து வந்த இத்சிங், தம் நாட்டின் சாந்துங் பகுதி மக்கள் கொடுத்தனுப்பிய துணியைப் புத்தர் சிலையின் அளவுக்குக் காவியாடையாக்கித் தாமே சாத்தினார் என்பதைக் குறிப்பிட்டுள்ளார். நேரில் வர இயலாதவர்களும் பயணி ஒருவரின் கைவழியாகத் தங்கள் பங்கைச் செலுத்திய இவ்வழக்கம் இத்தலத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவது. 11ஆம் நூற்றாண்டில், 1022, 1033 ஆகிய ஆண்டுகளைக் குறிக்கும் சீன மொழிக் கல்வெட்டுகளும் இங்குக் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

பர்மாவின் பங்கும் நீண்டது. பகான் அரசர் கியான்சித்தா (ஆட்சிக்காலம் 1084–1113), சிதைந்து கிடந்த வச்சிராசனக் கோயிலைப் பழுதுபார்க்கப் பொருள்களோடு கப்பல் அனுப்பியதைப் பர்மியக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. புத்த கயையிலேயே கிடைத்துள்ள மற்றொரு பர்மிய மொழிக் கல்வெட்டு, 1295 முதல் 1298 வரை நடைபெற்ற திருப்பணியை விவரிக்கிறது.

இத்தலம் பௌத்தர்க்கு மட்டுமே உரியதாக ஒருபோதும் தனித்து இருந்ததில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பாலப் பேரரசர் தர்மபாலரின் 26ஆம் ஆட்சியாண்டில், சிற்பி ஒருவரின் மகனான கேசவன் மகாபோதியில் நான்முகச் சிவலிங்கம் ஒன்றை நிறுவி, மூவாயிரம் திரம்மக் காசுகள் செலவில் குளமும் வெட்டினான் என்று ஒரு கல்வெட்டு தெரிவிக்கிறது. கயையில் முன்னோர்க்குப் பிண்டம் இடுவோர் இன்றும் போதி மரத்தைத் தம் வழிபாட்டு வரிசையில் ஓர் இடமாகக் கொண்டுள்ளனர்.

தளர்ச்சியும் தொலைநாடுகளில் எழுந்த படிகளும்

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகதத்தின் மடாலயங்கள் படையெடுப்புகளால் அழிந்த பின் நிலவிய சூழலைத் திபெத்தியத் துறவி தர்மசுவாமியின் வாழ்க்கை வரலாறு காட்டுகிறது. 1234இல் அவர் வந்து சேர்ந்தபோது, துருக்கப் படைகளுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் வெளியேறியிருக்க, நான்கு துறவிகளே எஞ்சியிருந்தனர். அவர்கள் மூல உருவத்தை மறைத்துச் செங்கற்சுவர் எழுப்பி, சாந்து பூசி, அதன்மேல் மகேசுவரரின் உருவத்தை வரைந்து காத்தனர். அமைதி திரும்பிய காலத்தில், வச்சிராசன முற்றத்தில் தங்கிப் பணிபுரியும் உரிமை இலங்கையிலிருந்து வந்த பிக்குகளிடம் இருந்ததாகவும் அதே நூல் தெரிவிக்கிறது. மேகவர்ணர் கட்டிய மடத்தின் தொடர்ச்சி ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அறுபடவில்லை என்பது இதனால் விளங்கும்.

பயணம் அரிதாகிய காலத்தில் கோயிலின் வடிவம் பிற நாடுகளில் உயிர் பெற்றது. பர்மாவின் பகானில் 13ஆம் நூற்றாண்டிலும், தாய்லாந்தின் சியாங் மாயில் 15ஆம் நூற்றாண்டிலும், சீனாவின் பெய்ஜிங்கில் 1473இலும் மகாபோதியை முன்மாதிரியாகக் கொண்ட கோயில்கள் எழுந்தன. பயணிகள் கையில் எடுத்துச் செல்லும் அளவிலான கல் மாதிரிகளும் முன்னரே செதுக்கப்பட்டு வந்தன. இத்தகைய சிறு மாதிரிகள் கொண்டிருந்த முக்கியத்துவம் பின்னரே வெளிப்பட்டது.

மரபுவழிச் செய்தியின்படி, 1590ஆம் ஆண்டளவில் கமண்டி கிரி என்னும் சைவ சந்நியாசி இங்கு வந்து தங்கி ஒரு மடத்தை நிறுவினார். மகந்த் எனப்படும் மடாதிபதிகளின் வழியில் அம்மடம் வளர்ந்து, நிலவுடைமையில் பீகாரின் பெரிய மடங்களுள் ஒன்றாக விளங்கியது. பாழடைந்த கோயிலும் அதன் பொறுப்பில் வந்தது.

திருப்பணியும் உரிமைப் போராட்டமும்

1811இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் இங்கு வந்தபோது, கோயில் சிதைந்த நிலையில் இருந்தது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பர்மிய அரசரின் தூதர்கள் இடத்தைத் தேடி வந்து சென்றிருந்ததை உள்ளூரார் அவரிடம் கூறினர். ஐரோப்பிய ஆய்வாளர்களே புத்த கயையைக் கண்டுபிடித்தனர் என்று பரவலாக எழுதப்படுவது, இச்செய்தியை நோக்கும்போது பொருந்தாத கூற்றாகிவிடுகிறது. பௌத்த நாடுகள் இத்தலத்தை முற்றாக மறந்ததே இல்லை.

பர்மிய அரசர் மிண்டோன், இந்திய அரசிடமும் மகந்திடமும் இசைவு பெற்று, 1877இல் ஒரு திருப்பணிக் குழுவை அனுப்பினார். பக்தியோடு பணியாற்றிய அக்குழுவினர் பழைய கட்டுமானங்களின் தொல்லியல் மதிப்பை அறியாமல் பலவற்றை அகற்றிவிட்டதால், நிலைமையைப் பார்வையிட வங்க அரசு அறிஞர் ராஜேந்திரலால் மித்ராவை அனுப்பியது. அவரது ஆய்வு நூல் 1878இல் வெளிவந்தது. 1880இல் அரசே பணியை மேற்கொள்ள, தொல்லியல் துறையின் தலைவர் அலெக்சாண்டர் கன்னிங்காமின் மேற்பார்வையில் ஜே. டி. பெக்லர் 1884 வரை திருப்பணியை நடத்தி முடித்தார். இடிபாடுகளுக்கிடையே கிடைத்த கோயிலின் சிறு கல் மாதிரியைக் கொண்டே மூலைக் கோபுரங்கள் உள்ளிட்ட பகுதிகள் மீட்டுக் கட்டப்பட்டன. பயணிகளுக்கெனச் செதுக்கப்பட்ட நினைவுப் பொருள் கோயிலின் வடிவத்தையே திருப்பித் தந்தது எனலாம். 1876இல் வீசிய புயலில் பழைய போதி மரம் சாய்ந்துவிட்டதால், அதன் வழித்தோன்றலான கன்றைக் கன்னிங்காம் நடச் செய்தார். இன்று நிற்பது அம்மரமே.

கட்டடம் எழுந்த பின் அதன் உரிமை குறித்த வினா எழுந்தது. புத்தரின் வாழ்வைக் கவிதையில் பாடிப் புகழ்பெற்ற எட்வின் ஆர்னால்டு, இக்கோயில் பௌத்தர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று முதலில் எழுதினார். அவரது எழுத்தால் தூண்டப்பட்டு 1891 ஜனவரி 22 அன்று இங்கு வந்த இலங்கையின் அநாகாரிக தர்மபாலர், வச்சிராசனத்தின் முன் தலை வணங்கியபோதே இங்குத் தங்கிப் பணிபுரிவதென்று உறுதி பூண்டார். அதே ஆண்டு மே 31இல் கொழும்பில் மகாபோதி சங்கம் தோன்றியது. 1895இல் கோயிலின் மேல்தளத்தில் அவர் ஜப்பானியப் புத்தர் சிலை ஒன்றை நிறுவ முயன்றதும், மகந்தின் ஆட்கள் அதனை அகற்றியதும், வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை சென்று தர்மபாலர் தரப்புக்குப் பாதகமாக முடிந்ததும் இச்சிக்கலை உலகறியச் செய்தன.

இவ்வியக்கத்தின் அலை தமிழகத்தையும் தொட்டது. மகாபோதி சங்கத்தின் தொடக்கத்தில் தர்மபாலருக்குத் துணைநின்ற கர்னல் ஆல்காட்டோடு 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாச பண்டிதர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

1920களில் காங்கிரஸ் இயக்கம் இச்சிக்கலை ஆராய்ந்தபோது, ராஜேந்திர பிரசாத் பங்கேற்ற குழு இந்துக்களும் பௌத்தர்களும் இணைந்த நிர்வாகத்தைப் பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1949ஆம் ஆண்டின் புத்த கயைக் கோயில் சட்டம் அதனையே ஏற்று, நான்கு பௌத்தர்கள், நான்கு இந்துக்கள், தலைவராக மாவட்ட ஆட்சியர் எனக் குழுவை அமைத்தது. 1953 மே 28 அன்று கோயில் அக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. நிர்வாகம் முழுமையாகத் தங்களுக்கே வேண்டும் என்னும் பௌத்த அமைப்புகளின் கோரிக்கை இன்றும் தொடர்கிறது. 2002இல் யுனெஸ்கோ இவ்வளாகத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வளாகத்துக்குள் ஏழு வாரங்கள்

இன்று வளாகத்துக்குள் நுழைபவர் முதலில் கோயிலை வணங்கி, வலமாகச் சுற்றி, பின்புறம் உள்ள போதி மரத்தை அடைவர். ஞானம் பெற்ற பின் புத்தர் ஏழு வாரங்களை இச்சூழலிலேயே கழித்தார் என்ற மரபைப் பின்பற்றி, வாரத்துக்கு ஓர் இடம் வளாகத்தில் குறிக்கப்பட்டுள்ளது. முதல் வாரம் மரத்தடியிலேயே கழிந்தது. இரண்டாம் வாரம் நன்றிப் பெருக்கால் இமைகொட்டாமல் மரத்தை நோக்கி நின்ற இடம் அநிமேஷலோசனம் எனப்படும். வடகிழக்கில் மேட்டின்மேல் உள்ள சிறு செங்கற்கோயில் அதனைக் குறிக்கிறது. மூன்றாம் வாரம் அவர் முன்னும் பின்னும் நடந்த இடத்தில், கோயிலின் வடபுறச் சுவரை ஒட்டிய நீண்ட மேடையும், அடிச்சுவடு பதிந்த இடங்களில் தாமரை மலர்ந்தது என்னும் நம்பிக்கையைக் காட்டும் கல் தாமரைகளும் உள்ளன. சங்கிரமணம், அதாவது தியான நடை என்று பெயர்பெற்ற இம்மேடை, பௌத்தத் துறவியர் நாள்தோறும் மேற்கொள்ளும் பயிற்சி ஒன்றின் நினைவுச் சின்னமாகும்.

நான்காம் வாரம் தத்துவச் சிந்தனையில் கழிந்த இடம் இரத்தினகரம் என்னும் கூரையற்ற சிறு கோயில். ஐந்தாம் வாரம் ஆட்டிடையர்கள் தங்கும் ஆலமரத்தடியில் அமர்ந்திருந்தபோது, பிறப்பால் யாரும் பிராமணர் ஆவதில்லை, ஒழுக்கத்தாலேயே ஆகிறார் என்று ஒருவருக்கு அவர் விடையளித்தார் என்று பாலி நூல்கள் கூறுகின்றன. ஆறாம் வாரம் பெய்த கடுமழையில் முசலிந்தன் என்னும் நாகராசன் படம் விரித்துக் காத்ததைக் குறிக்கும் உருவம் தெற்கே உள்ள தாமரைக் குளத்தின் நடுவில் நிற்கிறது; மரபு சுட்டும் பழைய குளம் தெற்கே அருகிலுள்ள சிற்றூரில் உள்ளது. ஏழாம் வாரம், தபுஸ்ஸன், பல்லிகன் என்னும் இரு வணிகர்கள் வழிப்பயணத்தில் வந்து மாவும் தேனும் படைத்து முதல் இல்லறச் சீடர்கள் ஆயினர். அவ்வணிகர்கள் தம் நாட்டவர் என்றும், புத்தர் அளித்த கேசத்தை அவர்கள் கொண்டு வந்து வைத்த இடமே யாங்கோனின் ஸ்வேதகோன் தூபி என்றும் பர்மியர் நம்புகின்றனர். பர்மியர் இத்தலத்தின்மீது கொண்ட நீண்ட உரிமையுணர்வுக்கு வேர் இந்நம்பிக்கையில் உள்ளது.

வளாகத்தை நிறைத்து நிற்கும் நூற்றுக்கணக்கான சிறு கல் தூபிகள், நேர்த்திக்கடனாகவும் நன்றிக்கடனாகவும் பயணிகள் நிறுவியவை. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. அரசர்களின் கல்வெட்டுகளைவிட, பெயரற்ற இக்கற்களே இக்கோயிலின் வரலாற்றை முழுமையாகச் சொல்கின்றன.

ஆற்றுக்கு அப்பால்

நிரஞ்சனையின் கிழக்குக் கரையில் பக்ரூர் சிற்றூரில் உள்ள சுஜாதை தூபி, அகழாய்வில் வெளிப்பட்ட பெரிய செங்கற்கட்டுமானம். பல கட்டங்களில் விரிவாக்கப்பட்ட இத்தூபியில், பாலப் பேரரசர் தேவபாலரின் பெயரும் சுஜாதையின் இல்லம் என்னும் தொடரும் கொண்ட எழுத்துப் பொறிப்பு கிடைத்துள்ளது. பசித்த துறவிக்கு ஒரு கிண்ணம் சோறு கொடுத்த கிராமத்துப் பெண்ணுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர்களும் மக்களும் நினைவுச் சின்னம் எழுப்பிக் காத்தனர் என்பது பௌத்தம் இல்லறத்தார்க்கு அளித்த இடத்தை உணர்த்துகிறது.

வடகிழக்கே உள்ள துங்கேசுவரி மலை, யுவான் சுவாங் பிராக்போதி என்று குறித்த இடமாகக் கருதப்படுகிறது. சித்தார்த்தர் முதலில் இம்மலைக் குகையில் அமர முற்பட்டபோது நிலம் அதிர்ந்ததென்றும், இது உரிய இடமன்று என்று தேவர்கள் உணர்த்தியதால் போதி மரத்தை நோக்கிச் சென்றார் என்றும் அவர் கேட்டு எழுதினார். குகைக்குள் எலும்பும் தோலுமாக அமர்ந்த தவக்கோல உருவமும், அருகே இந்துக்கள் வழிபடும் துங்கேசுவரி தேவியும் உள்ளனர். கயை நகரை ஒட்டிய பிரம்மயோனி மலை, பழைய நூல்களில் கயாசீசம் எனப்படும். புலன்கள் யாவும் ஆசைத் தீயால் எரிகின்றன என்னும் புகழ்பெற்ற தீ உபதேசத்தைச் சடைமுடித் துறவிகளாயிருந்த ஆயிரம் சீடர்களுக்குப் புத்தர் அங்குதான் நிகழ்த்தினார். அதே நகரில், இந்தூர் அரசி அகில்யாபாய் ஹோல்கர் 18ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த விஷ்ணுபாதக் கோயிலும் உள்ளது.

கயைக்கு வடக்கே உள்ள பராபர் குன்றுகளின் குகைகள் இந்தியாவில் எஞ்சியுள்ள குடைவரைகளுள் மிகப் பழமையானவை. கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்ட இவற்றுள் சிலவற்றைப் பௌத்தரல்லாத ஆசீவகத் துறவிகளுக்கே அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் வழங்கினார். போதி மரத்தை வணங்கச் சென்ற அதே அரசர், மாற்றுக் கொள்கையினரின் மழைக்காலத் தங்கலுக்கும் இடம் அமைத்தார் என்பதை இக்குகைகளின் கல்வெட்டுகள் உறுதிப்படுத்துகின்றன.

கோயிலுக்கு மிக அருகிலேயே உள்ள தாராடி மேடு பலரது கண்ணில் படுவதில்லை. 1980களில் தொடங்கிய அகழாய்வு, புதிய கற்காலம் முதல் பாலர் காலம் வரை இங்கு மக்கள் வாழ்ந்ததை வெளிப்படுத்தியது. ஆகவே, சித்தார்த்தர் வந்தபோதே உருவேலை நெடுங்கால வாழ்வுடைய வேளாண் ஊராக இருந்தது.

முடிவுரை

1938இல் நிறுவப்பட்ட திபெத்திய மடாலயம் முதல், தாய்லாந்து, ஜப்பான், பூடான், வியட்நாம் முதலிய நாடுகள் தத்தம் கட்டடக்கலையில் எழுப்பிய விகாரங்களும், 1989இல் திறக்கப்பட்ட 80 அடிப் புத்தர் சிலையும் ஊரை இன்று நிறைத்துள்ளன. மேகவர்ணரின் தூதர்கள் சமுத்திரகுப்தரிடம் கேட்ட அதே இசைவை இந்நாடுகள் இந்தியாவிடம் கேட்டுப் பெற்றன என்று கொள்ளலாம். 2013இல் தாய்லாந்து அரசரும் மக்களும் அளித்த ஏறத்தாழ 290 கிலோ பொன்னால் கோபுரத்தின் உச்சி வேயப்பட்டதால், யுவான் சுவாங் கண்ட பொன்னிற முகடு மீண்டும் காட்சி தருகிறது.

இவற்றுக்கிடையே கவலைக்குரியது ஒன்றும் உண்டு. பயணிகளின் கூட்டமும் கொடையும் கோயிலிலேயே குவிய, பக்ரூரும் பிராக்போதியும் தாராடியும் உரிய கவனம் பெறாமல் ஒதுங்கிக் கிடக்கின்றன; விரிவடையும் நகரம் அம்மேடுகளை நெருங்கி வருகிறது. புத்தரின் ஞானம் ஒரு மரத்தடியில் மட்டும் நிகழ்ந்ததன்று. குகையில் தொடங்கிய தேடலும், ஆற்றங்கரையில் கிடைத்த உணவும், ஊரார் காட்டிய பரிவும் சேர்ந்தே அதற்கு வழிவகுத்தன. ஆதலால் இந்நிலப்பரப்பு முழுவதையும் ஒரே தலமாகக் கொண்டு பாதுகாப்பது அரசின் கடமை. கோயிலை வணங்கிய பின் ஒரு நாளேனும் கூடுதலாகத் தங்கி ஆற்றைக் கடந்து அவ்விடங்களையும் காண்பது பயணியின் கடமை. இத்தலத்தைக் காக்கும் பொறுப்பு என்றும் பயணிகளுடையதாகவே இருந்து வந்துள்ளது.